காட்டு வண்டிக்கு எந்தத் தீயணைப்பான்?

திருத்தங்கல் பக்கத்தில் தீயைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள். ஒவ்வொரு ஆலை வாசலிலும் சிவப்பு வாளிகளில் மணலும் தண்ணீரும் வரிசையாகத் தொங்கும். ஆனால் அதே ஆலையின் வேலியை ஒட்டி உழுதுகொண்டிருக்கிற டிராக்டரில் ஒரு சின்ன சிலிண்டர்கூட இருக்காது. ஜீப்பில் இருக்காது, குட்டியானை என்று நாம் சொல்கிற சரக்கு வண்டியில் இருக்காது. இருந்தாலும் தகுதிச் சான்றுக்காக வாங்கி, சீட்டுக்கு அடியில் சாக்கு சுற்றிக் கிடக்கும்.

எங்கள் உழவர் குழுவில் போன கோடையில் இந்தப் பேச்சு வந்தது. "வண்டியில ஒண்ணு வைக்கணும்னு எல்லாரும் சொல்றீக, எதை வைக்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீகளே" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு ஆனைக்குட்டம் அணைப் பக்கம் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. குதிரைவாலி, சோளம், உளுந்து, ஓரத்தில் கொஞ்சம் பருத்தி. அங்கே போய்வர ஒரு பழைய டீசல் ஜீப், உழவுக்கு ஒரு டிராக்டர். இரண்டுக்கும் தீயணைப்பான் தேடி அலைந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சாலையில் மட்டும் ஓடுகிற காருக்கு வேண்டியதும் நம் வண்டிக்கு வேண்டியதும் ஒன்றல்ல.

நம் வண்டியில் தீ எங்கிருந்து வருகிறது

முதலில் வருவது கூளம். கதிரடிக்கும்போதும் தட்டை ஏற்றும்போதும் பறக்கிற பொக்கும் தூசும் பானட்டுக்குள் புகுந்து, எக்ஸாஸ்ட் குழாய் மேலும் ரேடியேட்டர் இடுக்கிலும் அடையாக உட்கார்ந்துவிடும். சித்திரை வெயிலில் அது காய்ந்த பஞ்சு மாதிரி. சுமையோடு இழுக்கிற எஞ்சினின் எக்ஸாஸ்ட் 200 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சாதாரணமாகச் சுடும். தூசு முதலில் புகையும். அதுவாகவே கனிந்து கனிந்து, காற்று பட்டதும் பிடிக்கும். அதனால்தான் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன பிறகு தீப்பிடிக்கிற கதைகளை நிறையக் கேட்கிறோம்.

அடுத்தது எலி. மழைக்காலத்தில் நிறுத்திவைத்த வண்டிக்குள் எலி கூடு கட்டி, ஒயரின் மேல்தோலைக் கடித்துவிடும். ஒயர் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகும்போது பக்கத்திலேயே எலி சேர்த்துவைத்த பஞ்சும் துணியும் தயாராக இருக்கும். மூன்றாவது டீசல். ரப்பர் பைப்பு வெடித்து, அல்லது கிளிப்பு தளர்ந்து, மெல்லிய சாரலாக எக்ஸாஸ்ட் மேல் அடித்தால் பற்றும். டீசல் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் பிடிக்காது என்ற நம்பிக்கை தரையில் கொட்டிய டீசலுக்குச் சரி. சாரலாகத் தெறிக்கிற டீசலுக்கு அது பொருந்தாது.

நான்காவது, எல்லாரும் அறிந்தது. வைக்கோலோ சோளத்தட்டையோ உயரமாக ஏற்றி வரும்போது தாழத் தொங்குகிற மின்கம்பியில் உரசுவது. இது வண்டித் தீ இல்லை, பாரத்தில் பிடிக்கிற தீ. அதன் கதையே வேறு, பிறகு வருகிறேன்.

இவற்றோடு எங்கள் பகுதிக்கென்றே ஐந்தாவது ஒன்று உண்டு, பட்டாசு மருந்து. அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். தீயணைப்பான் சிலிண்டரில் ஏ, பி, சி என்று எழுதியிருப்பதற்கு இதுதான் பொருள். ஏ என்றால் வைக்கோல், மரம், துணி, ரப்பர் போன்ற திடப்பொருள். எரிந்து கங்கு விடுகிறவை. பி என்றால் டீசல், ஆயில் போன்ற திரவம். சி என்றால் எரிவாயு. டி என்றால் அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகத் தூள். நம் வண்டியில் ஏ-யும் பி-யும் ஒரே நேரத்தில் எரியும். கூளம் எரியும், அதன் மேல் டீசல் சொட்டும். ஆகவே இரண்டுக்கும் ஆகிற ஒன்றுதான் வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது

சிவகாசியில் ஒரு கடையில் "வண்டிக்கு ஒண்ணு வேணும்" என்றதும் எடுத்துக் கொடுத்தது டி.சி.பி. என்று எழுதிய சிலிண்டர். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, பவுடர்தான்" என்றார் கடைத் தம்பி. பவுடர்தான், ஆனால் ஒன்றல்ல. நம் நாட்டில் டி.சி.பி. என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா வகைத் தூள். அது டீசல் தீயை நன்றாக அணைக்கும். வைக்கோலிலும் கூளத்திலும் சுவாலையை மட்டும் அடக்கும், கங்கு அப்படியே இருக்கும். நீங்கள் திரும்பி நடப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதற்கு பி.சி. தூள் என்று பெயர்.

நமக்கு வேண்டியது ஏ.பி.சி. தூள். அதில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், சொட்டுநீரில் கரைத்துவிடச் சொல்லி உரக்கடையில் விற்கிற அதே சரக்குதான். எந்த மூட்டையை வேண்டாம் என்று வயலுக்கு வெளியே நிறுத்தினோமோ அதை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறேன்! அது வெப்பத்தில் உருகி, எரிகிற பொருள் மேல் ஒரு பூச்சு மாதிரிப் படிந்து கங்குக்குக் காற்றை மறிக்கும். ஏ வகைத் தீக்கும் அது ஆவதற்கு அதுதான் காரணம். சிலிண்டரில் எம்.ஏ.பி. 50 அல்லது எம்.ஏ.பி. 90 என்று போட்டிருப்பார்கள். தூளில் எத்தனை விழுக்காடு மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்று அதற்குப் பொருள். 50 போட்டதில் மீதி பெரும்பாலும் அம்மோனியம் சல்பேட். விலை கொஞ்சம் கூடினாலும் 90 வாங்குங்கள்.

ஒரு முறை அடித்ததால் நிலம் கெட்டுப்போகுமா என்று குழுவில் ஒரு அக்கா கேட்டார். ஒரு சிலிண்டரில் இருப்பது ஒன்றிரண்டு கிலோ. எரிந்துபோகிற டிராக்டரிலிருந்து வழிகிற ஆயிலும் உருகுகிற டயரும் மண்ணுக்குச் செய்வதோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை. அதற்காக மிச்சத் தூளைக் கூட்டி எருக்குழியில் போட வேண்டாம். தூள் ஈரம் இழுக்காமல் இருக்க சிலிக்கான் பூசியிருப்பார்கள், நிறத்துக்குச் சாயம் சேர்த்திருப்பார்கள். சாக்கில் அள்ளித் தனியே ஒதுக்கிவிடுவதே சரி.

நம் கூட்டத்துக்கு இதைவிடக் கவலைப்பட வேண்டியது நுரை வகை. டீசல் தீக்கு நுரை அருமையாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய்த் தீக்கென்று வருகிற பழைய வகை நுரைகளில் பி.எஃப்.ஏ.எஸ். என்கிற ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் உண்டு. அவை மண்ணில் மட்காது, தண்ணீரோடு நகர்ந்து கிணற்றுக்குப் போகும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. அமெரிக்காவில் ராணுவ விமானத்தளங்களைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் இந்த நுரையால்தான் கெட்டது. ஃப்ளோரின் இல்லாத நுரை என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, கிணறும் பண்ணைக்குட்டையும் உள்ள நிலத்துக்குள் நான் நுரை சிலிண்டரைக் கொண்டுபோக மாட்டேன்.

கரியமில வாயு சிலிண்டர் பார்க்க அழகாக இருக்கும், அடித்த பிறகு தூசு இருக்காது. மின்பலகை அறைக்கு நல்லது. வெட்டவெளியில், அதுவும் ஆடிக்காற்றில், அடித்த வாயு தீயைத் தொடுமுன்னே பறந்துவிடும். அது சூட்டையும் தணிக்காது, சூடான இரும்பில் தீ மறுபடி கிளம்பும். தவிர, உள்ளே மிகுந்த அழுத்தம் இருப்பதால் கனமான இரும்பு உருளையாகத்தான் வரும். ஜீப்புக்கு ஆகாது. 'கிளீன் ஏஜென்ட்' என்று விற்கிற வாயு வகைக்கும் காற்றுதான் எதிரி. காருக்கென்று வருகிற ஸ்பிரே டப்பாவும், தீயில் எறிகிற பந்தும் இப்போது விளம்பரத்தில் நிறைய வருகின்றன. பந்தின் திரியைத் தீயே தொட்டுப் பற்றவைக்க வேண்டும். பானட்டுக்குள் எரிகிற தீயில் அதை எங்கே போடுவது? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அளவுக்கு வருவோம். 1 கிலோ சிலிண்டர் அடித்தால் சுமார் 8 முதல் 10 நொடிக்குள் காலியாகிவிடும். ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான் நேரம். பதற்றத்தில் முதல் 3 நொடி வேறெங்கோ போய்விடும். காருக்கு 1 கிலோ போதும் என்பார்கள். ஜீப்புக்கு 2 கிலோ, டிராக்டருக்கும் சரக்கு வண்டிக்கும் 4 கிலோ என்பது என் கணக்கு. இடம் இருந்தால் ஒரே பெரிய சிலிண்டரை விட இரண்டு 2 கிலோ மேல். ஒன்றை அடித்த பிறகு தீ மீண்டும் கிளம்பினால் கையில் இன்னொன்று இருக்கும். பெண்களும் வயதானவர்களும் தூக்கவும் அதுதான் வசதி.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் சிலிண்டர் மேல் இருக்க வேண்டும். அழுத்தம் காட்டுகிற சின்ன மீட்டர் இருக்க வேண்டும், முள் பச்சையில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தலை உள்ளதை விட பித்தளைத் தலை உள்ளதை எடுங்கள், காட்டுப்பாதையில் அதுதான் நிற்கும். முனையில் குட்டியான குழாய் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. பானட் இடுக்கில் நுழைத்து அடிக்கலாம்.

எங்கே மாட்டுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது

இதில்தான் காட்டு வண்டியும் சாலை வண்டியும் பிரிகின்றன. கரட்டு வழியிலும் உழவுக்கட்டியிலும் நாள் முழுதும் குலுங்கினால் உள்ளே உள்ள தூள் அடியில் போய் இறுகிவிடும். வாளியில் மாவைத் தட்டித் தட்டி அமுக்குவது மாதிரி. முள் பச்சையில் நிற்கும், ஆனால் அழுத்தினால் வாயு மட்டும் வரும், தூள் வராது. அதனால் மாதம் ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டி, உள்ளே மணல் சரிகிற மாதிரி தூள் நகர்வது கைக்குத் தெரிகிறவரை குலுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது அமாவாசை வேலை. வேறொன்றுமில்லை, தேதி மறக்காது.

பிளாஸ்டிக் கிளிப்பு கூடவே கூடாது. வெயிலில் பொரிந்து உடைந்துவிடும். கழன்ற சிலிண்டர் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் தீயை விடப் பெரிய வினை. இரும்புப் பட்டையும் இழுத்துவிடுகிற கொக்கியும் உள்ள தாங்கியை வாங்கி, போல்ட் போட்டு மாட்டுங்கள். உள்பக்கம் பழைய டியூப் ரப்பரை ஒட்டினால் உராய்வு குறையும். துரு பிடித்து அடி அரித்த சிலிண்டர் ஆபத்தானது. அழுத்தத்தில் வெடிக்கும்.

இடம்: எஞ்சின் பக்கம் வேண்டாம், டீசல் டேங்குக்கு மேலேயும் வேண்டாம். தீ அங்கேதான் வரும், அங்கே போய் எடுக்க முடியாது. சாமான்களுக்கு அடியிலும் வேண்டாம். கீழே இறங்கி நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்ட வேண்டும். டிராக்டரில் இறங்குகிற பக்கத்து மட்கார்டு சரியான இடம். ஜீப்பில் ஓட்டுநர் சீட்டின் முன்காலை ஒட்டி மாட்டலாம். எங்கள் வெயிலில் மூடிய கேபினுக்குள் சூடு ஏறும், சிலிண்டர்கள் பொதுவாக 55 டிகிரி வரை தாங்கச் செய்தவை. ஆகவே கண்ணாடிக்கு நேர் கீழே வெயில் விழுகிற இடத்தைத் தவிருங்கள்.

3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. மறு நிரப்பலுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பி.சி. தூள் இருந்த சிலிண்டரில் ஏ.பி.சி. தூளையோ, அதில் இதையோ கலந்து போடக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து உள்ளே வாயு கிளம்பும். "காலி பண்ணிட்டுத்தானே போடுவோம்" என்பார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அடிக்காமலே முள் இறங்கியிருந்தால் வால்வில் கசிவு. அதை மாற்றாமல் காற்றை மட்டும் ஏற்றித் தரக் கூடாது.

ஒருமுறை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவைப்பதும் கூடாது. வால்வில் தூள் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் முழுதும் போய்விடும்.

பிடித்த பிறகு

புகை வருகிறதா? வண்டியைக் காய்ந்த புல்லிலோ தட்டைக் காட்டிலோ நிறுத்தாமல், உழுத இடமாக, வெறும் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். ஆட்களை இறக்குங்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் திருப்புங்கள். இல்லாதவர்கள் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், சிலிண்டரை விட மலிவு, அதைவிட அடிக்கடி உதவும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஷார்ட் ஆன ஒயர் மறுபடி மறுபடி பற்றவைத்துக்கொண்டே இருக்கும்.

பானட்டை முழுசாகத் தூக்காதீர்கள். தூக்கியதும் காற்று புகுந்து சுவாலை முகத்துக்கு வரும். ஒரு விரல்கடை அளவு திறந்து, அந்த இடுக்கில், அல்லது முன்பக்கக் கிரில் வழியாக, அல்லது அடியிலிருந்து அடியுங்கள். காற்று முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். தப்பி ஓடுகிற வழி உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சுவாலையின் நுனியில் அடிப்பதில் பயனில்லை, எரிகிற பொருளின் அடியில், இடமும் வலமுமாக வீசி அடிக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்தும் தீ அடங்கவில்லையா, வண்டியை விடுங்கள். டயர் வெடிக்கும், டேங்க் கிழியும். 101-ஐ அழையுங்கள். காப்பீடு வண்டிக்கு வரும்.

அடங்கிவிட்டால் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். தூள் காற்று வடிகட்டி வழியாக எஞ்சினுக்குள் போகும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் ஈரம் பட்டால் அமிலமாகி ஒயரையும் அலுமினியத்தையும் அரிக்கும். சூடு ஆறியதும், அன்றைக்கே, முதலில் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிட்டு, பிறகு கழுவிக் காயவைத்து, வடிகட்டியை மாற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.

இனி பாரத்தில் பிடித்த தீ. தட்டைக் கட்டுக்குள் தீ போய்விட்டால் எந்தப் பவுடரும் அதை அணைக்காது. மேலே அடங்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தீப்பிடித்த டிரைலரை ஓட்டிக்கொண்டே ஊருக்குள் போவதைப் பார்த்திருக்கிறோம், கண்மாய் வரைக்கும் போய்விடலாம் என்ற எண்ணம். ஓடுகிற வேகமே தீக்குத் துருத்தி. வழியில் உள்ள படப்புகளும் கூரைகளும் பற்றும். வெட்டவெளியில் நிறுத்தி, கொக்கியில் பின்னை உருவி, டிராக்டரை மட்டும் தள்ளிக் கொண்டுபோவதுதான் நடக்கிற காரியம். அந்தப் பின் துருவேறி இறுகி நிற்காமல் கிரீஸ் போட்டு வைத்திருக்கிறீர்களா? டிப்பர் என்றால் பாரத்தைச் சரித்துவிடலாம். சிலிண்டரில் உள்ள தூள் அப்போது டிராக்டரைக் காப்பாற்றுவதற்கு, டிரைலருக்கு அல்ல.

கம்பியில் உரசி நிற்கிற வண்டியில் மின்சாரம் இருக்கலாம். தீ இல்லையென்றால் மேலேயே உட்கார்ந்திருங்கள், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தீ பிடித்துவிட்டது, இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்த காலோடே தத்தித் தத்தி விலகுங்கள். உங்கள் பகுதி லைன்மேன் எண் ஓட்டுகிறவர் போனில் இருக்கட்டும்.

கூளத்துக்கும் புல்லுக்கும் சிறந்த தீயணைப்பான் நம் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. பஞ்சகவ்யாவும் வேப்பங்கொட்டைக் கரைசலும் அடிக்கிற முதுகுத் தெளிப்பான். 16 லிட்டர் தண்ணீர், தீர்ந்தால் மறுபடி நிரப்பலாம், மண்ணுக்குக் கெடுதல் இல்லை. அறுவடை நாட்களிலும் கதிரடிக்கிற நாட்களிலும் ஒரு தெளிப்பானில் வெறும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, வண்டியில் தனியாக வைத்துவிடுங்கள். முனையைத் திருகி நேர்க்கோடாகப் பீய்ச்சும்படி வைத்தால் தள்ளி நின்றே அடிக்கலாம். கூட இரண்டு நனைத்த சாக்கு, ஒரு மம்பட்டி. இதை டீசல் தீயிலும் ஒயரிலும் அடிக்கக் கூடாது. தண்ணீருக்கு மேல் டீசல் மிதந்து பரவும். பானட்டுக்குப் பவுடர், கூளத்துக்குத் தண்ணீர். நிலத்தை மூடாக்கு போட்டு வைத்திருக்கிற நமக்கு இந்தத் தெளிப்பான் இன்னும் அவசியம். ஈரம் காக்கிற அதே மூடாக்குதான் பங்குனி சித்திரையில் எரிபொருள். வண்டிப்பாதையை ஒட்டி நாலடிக்கு மூடாக்கில்லாமல் விட்டிருக்கிறேன்.

தொடக் கூடாத தீ

பட்டாசு மருந்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. 38 பேர் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. புகையைப் பார்த்து, உதவலாம் என்றும் என்ன ஏதென்று பார்க்கலாம் என்றும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிப்போனவர்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு நடந்த அடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். எங்கள் பகுதியில் இந்தத் தேதி தெரியாத குடும்பம் இல்லை. ஆனாலும் அடுத்த வேலிக்குள் புகை கிளம்பினால் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. கையில் சிவப்பு சிலிண்டர் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். அதனால்தான் இதை இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

தீயணைப்பான்கள் பலவும் காற்றை மறித்துத் தீயை அடக்குகிறவை. பட்டாசு மருந்து காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. அதில் உள்ள வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், எரியும்போது தானே ஆக்சிஜனைக் கொடுக்கும். மேலே மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். அதோடு அலுமினியத் தூள் இருக்கும். அது டி வகை. எரிகிற அலுமினியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் சீறும். ஏ.பி.சி. பவுடரும் அதற்கானதல்ல. நம் சிலிண்டரும் தெளிப்பானும் அங்கே ஒரு வேலைக்கும் ஆகாது. சில ஊர்களில் வீட்டுக் களத்திலேயே கருந்திரி காயப்போடுகிறார்கள், அது சட்டவிரோதம் என்று தெரிந்தும். அதிலும் இதே வெடியுப்பும் கந்தகமும் கரியும்தான். கைப்பிடித் திரிதானே என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே ஆலைப் பக்கம் தீ என்றால் செய்ய வேண்டியது: எஞ்சினை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். காட்டில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, எதிர்த்திசையில், மேடோ கரையோ மறைப்பாக உள்ள இடத்துக்குப் போங்கள். 101-க்குச் சொல்லுங்கள், ஆலையின் பெயரையும் எந்தப் பாதையில் வண்டி உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்து. உழவர்களான நமக்குத்தான் எந்த வண்டிப்பாதை மழைக்குப் பிறகு கரிசல் சேற்றில் சிக்கும் என்று தெரியும். தீயணைப்பு வண்டிக்கு அந்த வழி சொல்வது பெரிய உதவி. பாதையின் முக்கில் நின்று கையைக் காட்டுங்கள், உள்ளே போகாதீர்கள்.

தீபாவளிக்கு முன்பு சரக்கு வண்டி வைத்திருக்கிற நம் தம்பிகளிடம் "நாலு பெட்டிதான், போற வழியில இறக்கிட்டுப் போ" என்று கேட்பவர்கள் உண்டு. வாடகையும் கூடத் தருவார்கள். காய்ந்த தட்டைத் தூசும், டீசலும், எலி கடித்த ஒயரும் உள்ள வண்டியில் நான் அதை ஏற்ற மாட்டேன். எத்தனை கிலோ சிலிண்டர் இருந்தாலும் சரி.

பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1944-இல் பம்பாய்த் துறைமுகம் சாட்சி. ஏப்ரல் 14 அன்று 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளில் தீப்பிடித்து, அதே கப்பலில் இருந்த வெடிமருந்துக்குப் போய், துறைமுகமே சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வருகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளிலும் ஆலைகளிலும் செயல்விளக்கம் காட்டுவார்கள். உழவர் குழுக்கள் அழைத்தால் களத்துக்கும் வருவார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கெடு முடியப்போகிற சிலிண்டர்களை அப்படியே மறு நிரப்பலுக்குக் கொடுத்துவிடாமல் அன்றைக்குக் கொண்டுபோங்கள். ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் டீசலும் ஒரு கட்டுத் தட்டையும் எரியவிட்டு, அவர்கள் மேற்பார்வையில் ஆளுக்கொரு சிலிண்டரை அடித்துக் காலி செய்யலாம். வீட்டுப் பெண்களையும் டிராக்டர் ஓட்டுகிற பையன்களையும் முதலில் அடிக்கச் சொல்லுங்கள். பின்னை எந்தப் பக்கம் இழுப்பது, எவ்வளவு உதைக்கும், 8 நொடி எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது அங்கே கைக்குத் தெரிந்துவிடும்.